டிம்பனியை விட்டுவிடாதே, பாப்பா

அன்புள்ள பாப்பாவுக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவுக்குத் துணை நடத்துநராக உன்னை எடுத்திருக்கிறார்கள் என்றதும் அம்மா தெருவில் பாதிப் பேருக்குச் சொல்லிவிட்டாள். எனக்கும் தலைகால் புரியாத சந்தோஷம். ஆனால் அதற்கு அடுத்த பத்தி மனதை உறுத்துகிறது. பின்வரிசையில் உட்கார்ந்து நேரம் வீணாகிறது, இனி டிம்பனியை, அந்தப் பெரிய பாத்திர முரசுகளை, வாசிப்பதை நிறுத்திவிடலாமா என்று கேட்டிருக்கிறாய். நிறுத்தாதே, பாப்பா.

நீ இருக்கிற பர்மிங்ஹாமையே எடுத்துக்கொள். 1980இல், 25 வயதில், அந்த ஊர் ஆர்க்கெஸ்ட்ராவின் முதன்மை நடத்துநராக வந்த சைமன் ராட்டில், லிவர்பூலில் இளையோர் ஆர்க்கெஸ்ட்ராவில் தாளக்கருவி வாசித்து வளர்ந்தவர்தானே! லண்டன் ராயல் அகாடமியில் மாணவராக இருந்தபோதே, 1973இல், ஆட்களைத் தானே திரட்டி இசையமைப்பாளர் மாலரின் இரண்டாம் சிம்பொனியை நடத்தினார். அதன் கடைசிப் பகுதியில் தாளக்கருவிகள் மட்டும் மெல்லத் தொடங்கி, அரங்கமே அதிரும்வரை ஏறும் இடம் ஒன்று உண்டு. அந்த ஏற்றத்தில் எங்கே அடக்க வேண்டும், எங்கே விட வேண்டும் என்பது முரசுக் குச்சி பிடித்த கைக்குத்தான் முதலில் புரியும் என்று நான் நம்புகிறேன்.

டிம்பனிக்காரர் சும்மா இருப்பதில்லை என்று எனக்குச் சொல்லிக்கொடுத்ததே நீதான். மற்றவர்கள் வேறொரு சுருதியில் முழங்கிக்கொண்டிருக்கும்போது, தோலில் காதை வைத்து அடுத்த இடத்துக்கான சுரத்தைச் சேர்த்துக்கொள்ள வேண்டும். மேடையின் பின்பக்கத்திலிருந்து ஒலி முன்னே போய்ச்சேரச் சற்று நேரமாகும் என்பதால் ஒரு இம்மி முந்தி அடிக்க வேண்டும். இசையமைப்பாளர் துவோர்ஷாக்கின் 'நியூ வேர்ல்ட்' சிம்பொனி ஏறக்குறைய 40 நிமிடம். அதில் சிம்பலுக்கு, பெரிய ஜால்ரா மாதிரியான அந்தத் தட்டுகளுக்கு, ஒரே ஒரு தட்டுதான், அதுவும் கடைசிப் பகுதியில். அதுவரை காத்திருக்கிறவர் மற்ற எல்லோர் வாசிப்பையும் கேட்கிறார். பாடகரின் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருக்கும் மிருதங்கக்காரர் மாதிரி. நடத்துநருக்கு வேண்டிய காது இதுதான். ஸ்கோரை, அதாவது எல்லாக் கருவிகளுக்குமான இசைக்குறிப்பை, எத்தனை முறை படித்தாலும் இது வராது. இன்னொன்றும் இருக்கிறது. எந்த நடத்துநரின் கை தெளிவாக இருக்கிறது, யாருடைய கை குழப்புகிறது என்பதெல்லாம் பின்வரிசையிலிருந்து பார்த்தால் அப்பட்டமாகத் தெரியும். அதையெல்லாம் ஒரு நோட்டில் எழுதி வை.

அப்புறம், பெரிய ஊர், பெரிய பெயர் என்று அவசரப்படாதே. 1974இல் நடத்துநர்களுக்கான போட்டியில் ஜெயித்த ராட்டில், போர்ன்மவுத் என்ற ஊரின் ஆர்க்கெஸ்ட்ராவில் துணை நடத்துநராக இருந்தார். பர்மிங்ஹாமில் 1998வரை, 18 வருஷம். 1991இல் அந்த ஊருக்கு சிம்பொனி ஹால் என்ற கச்சேரி அரங்கம் வந்ததும் அந்தக் காலத்தில்தான். பெர்லின் ஃபில்ஹார்மோனிக் ஆர்க்கெஸ்ட்ராவின் பொறுப்பு 2002இல்தான் வந்தது. ஒரே கூட்டத்தோடு அத்தனை காலம் இருந்து வளர்த்ததைத்தான் நான் பெரிய சாதனையாக நினைக்கிறேன்.

இளையோரோடு ஒத்திகை பார்க்கும் நாளில் பின்வரிசைப் பிள்ளைகளைப் பெயர் சொல்லிக் கூப்பிடு. நீண்ட நேரம் எண்ணிக் காத்திருந்து சரியாக அடித்தவனை ஒரு பார்வை பார்த்துத் தலையசைத்தாலே போதும். உனக்கு அது எவ்வளவு பெரிய விஷயமாக இருந்தது என்று எனக்குத் தெரியும்.

பணம் போதாவிட்டால் மறைக்காமல் சொல். அம்மா பருப்புப்பொடி அனுப்புகிறாள். பாஸ்போர்ட்டைப் புதுப்பிக்கக் கொடுத்திருக்கிறோம், நீ நடத்தும் முதல் கச்சேரியின் தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
அப்பா