நவம்பரில் மான் வேட்டைக்குப் போகிற சிவாவுக்கு

வெள்ளவத்தை
12.10.2025

அன்புள்ள சிவா,

உன் நீண்ட மடல் வந்து ஒரு கிழமைக்கு மேலாகிவிட்டது. பதில் பிந்தியதற்குப் பெரிய காரணம் ஒன்றும் இல்லை. மகளுக்குச் சோதனை, அம்மாவுக்கு முழங்கால் நோ, பின்னேரமானால் இடியும் மழையும், மழை வந்தால் எங்கள் ஒழுங்கையில் கரண்ட் இல்லை, இப்படியே நாள் போகிறது. ஆனால் நீ கேட்டதை யோசித்துக்கொண்டுதான் இருந்தேன். கனடாவில் உன் பன்னிரண்டு வயதுப் பொடியனை மான் வேட்டைக்குக் கூட்டிக்கொண்டு போகலாமா என்று கொழும்பில் மாடிவீட்டில் இருக்கிற என்னிடம் கேட்கிறாயே என்று முதலில் சிரிப்பு வந்தது. பிறகு பார்த்தால், நம் வகுப்பில் அப்பாவோடு காட்டுக்குப் போனவன் நான் ஒருவன்தான், நான் விடுதிக்குக் கொண்டுவந்த மரை இறைச்சி வத்தலைப் பெட்டி திறந்து தின்றவன் நீதான், வேறு யாரிடம் கேட்பாய்?

கூட்டிக்கொண்டு போ மச்சான். ஆனால் சுடுவதா இல்லையா என்பதைக் கடைசி நொடிவரைக்கும் அவனிடமே விடு. வாயால் “உன் விருப்பம்” என்று சொல்லிவிட்டு முகத்தால் வேறு சொல்லாதே. பிள்ளைகள் வாயைக் கேட்பதில்லை, முகத்தைத்தான் பார்க்கிறார்கள்.

நீ எழுதியதை வாசித்த பிறகு நானும் ஒன்ராறியோச் சட்டத்தைக் கொஞ்சம் தேடிப் பார்த்தேன். பன்னிரண்டு வயதிலேயே பயிலுநராகப் போகலாம், அதற்கு முன் வேட்டைப் படிப்பு முடித்திருக்க வேண்டும், பெற்றார் சம்மதம் வேண்டும், கூடவே பதினெட்டு வயதுக்கு மேற்பட்ட, உரிமம் உள்ள ஒருவர் பக்கத்திலேயே நிற்க வேண்டும், இருவருக்கும் சேர்த்து ஒரே ஒரு துவக்குத்தான். இந்தக் கடைசி விதியை எழுதியவர் பிள்ளை வளர்த்தவராகத்தான் இருக்க வேண்டும். ஒரு துவக்கு என்றால் அது யார் கையில் இருக்கிறது என்று இருவருக்கும் எந்நேரமும் தெரியும். அப்புறம் அந்தத் தோடம்பழ நிற உடுப்பு, இடுப்புக்கு மேலே 400 சதுர அங்குலமாவது தெரிய வேண்டும், தொப்பியும் அதே நிறத்தில் வேண்டும் என்கிறார்கள். மானுக்கு அந்த நிறம் நமக்குத் தெரிவதுபோல் பளிச்சென்று தெரியாது, மற்ற வேட்டைக்காரனுக்குத் தெரியும். எங்கள் ஊரில் இப்படி ஒன்று இருந்திருந்தால் பற்றைக்குள் அசைந்ததைப் பன்றி என்று நினைத்துச் சுடப்பட்ட ஓரிரண்டு பேர் உயிரோடு இருந்திருப்பார்கள்.

உன் வேலைத்தல நண்பர் மரத்தில் பரண் கட்டியிருக்கிறார் என்று எழுதியிருந்தாய். அதில் ஏறுவதானால் ஏறத் தொடங்கும்போதே விழாமல் பிடிக்கும் உடம்பு வாரைக் கொழுவச் சொல், உட்கார்ந்த பிறகு அல்ல. அங்கே மான் வேட்டைக்காரர்களுக்குப் பெரிய காயங்கள் வருவதில் பாதி கதை துவக்கால் இல்லை, பரணிலிருந்து விழுவதால்தான். நவம்பர் குளிரில் விடியலுக்கு அரைமணி முந்தியே போய் அசையாமல் இருக்க வேண்டும் என்பதால் விரல் விறைத்துவிடும், விறைத்த விரலோடு ஏணியில் இறங்குவது லேசுப்பட்ட காரியமா?

அப்பாவோடு போன கதையை விடுதியில் பெருமைக்கு எத்தனையோ தரம் சொல்லியிருப்பேன், ஆனால் அதில் முக்கியமான பகுதியைச் சொன்னதில்லை. ஓகஸ்ட் விடுமுறை, காடெல்லாம் காய்ந்து, குளத்தில் சேறுதான் மிச்சம். ஒரு மோட்டையில் மட்டும் தண்ணீர் நின்றது. பக்கத்து வீரை மரத்தில் அப்பா நாலு தடியைக் கட்டிப் பரண் போட்டிருந்தார். மம்மல் நேரத்தில் புள்ளிமான் கூட்டமொன்று வந்தது, முன்னால் ஒரு கிழட்டுப் பெண்மான், நாலடி வைக்கும், நிற்கும், காதைத் திருப்பும், தரையை முன்னங்காலால் ஒருதரம் தட்டும், பிறகு மற்றதெல்லாம் வரும். கடைசியில் கொம்பன். அப்பா துவக்கை என் தோளில் சாய்த்துப் பிடித்து, காதுக்குள் “சுடுறியோ?” என்றார். நான் தலையை ஆட்டி மாட்டேன் என்றேன். அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை, ஏன் என்றும் கேட்கவில்லை, துவக்கை வாங்கித் தானே சுட்டார்.

மான் விழவில்லை, பாய்ந்து பற்றைக்குள் போய்விட்டது. நான் இறங்கப் போனேன், அப்பா கையைப் பிடித்து இருத்திவிட்டுச் சுருட்டைப் பற்றவைத்தார். சுருட்டு முடியும் மட்டும் இறங்கக்கூடாது என்பது அவருடைய சட்டம். உடனே துரத்தினால் காயப்பட்ட மிருகம் எழும்பி எழும்பி ஓடும், விட்டுவைத்தால் கிட்டவே படுத்துவிடும். உன் நண்பரும் அரைமணித்தியாலம் பொறுக்க வேண்டும் என்று சொல்வார் பார், கணக்கு இரண்டு நாட்டிலும் ஒன்றுதான். பிறகு டோர்ச் வெளிச்சத்தில் இரத்தத்தைக் காட்டிச் சொல்லித் தந்தார். வெளிர்ச் சிவப்பாக, நுரை நுரையாக இருந்தால் நெஞ்சில், சுவாசப்பையில் பட்டிருக்கிறது, மான் தூரத்தில் இல்லை. கறுத்து, சாணி மணத்தோடு இருந்தால் வயிற்றில் பட்டிருக்கிறது, அப்படியென்றால் பல மணித்தியாலம் விட்டுத்தான் போக வேண்டும். அன்றைக்கு நுரைதான். “நீ முன்னுக்குப் போ” என்று என்னை விட்டார். இலையில் ஒரு துளி, கல்லில் ஒரு துளி, ஒரு இடத்தில் ஒன்றுமே இல்லாமல் போய் நான் திகைத்து நிற்க, அப்பா வாய் திறக்கவேயில்லை, நானாக வட்டமடித்துத் தேடி அடுத்த துளியைக் கண்டேன். மான் ஒரு பாலை அடியில் கிடந்தது. கண் திறந்தபடி. உடம்பு ஆற ஆறக் காதடியிலிருந்து உண்ணிகள் கழன்று வரத் தொடங்கின, அதுவரைக்கும் செத்துப்போனது என்று என் மனம் ஒப்புக்கொள்ளவில்லை, உண்ணியைக் கண்ட பிறகுதான் ஒப்புக்கொண்டது.

வீட்டுக்கு வந்து அப்பா அம்மாவிடம் சொன்னது இதுதான்: “இவன்தான் தடம் பிடிச்சவன்.” நான் சுட மறுத்ததை அவர் சாகும்வரை ஒருவரிடமும் சொல்லவில்லை.

எங்கள் சொந்தத்திலேயே இன்னொரு பொடியன் இருந்தான், என் வயதுதான். அவனுடைய தகப்பன் ஆட்களுக்கு முன்னால் “என்ன பயமோ?” என்று கேட்டுக் கேட்டுச் சுட வைத்தார். குறி தவறி வயிற்றில் பட்டது, பொழுதுபட்டுவிட்டது என்று தேடாமல் வந்துவிட்டார்கள். அவன் பிறகு காட்டுப் பக்கமே போகவில்லை, தகப்பனோடும் அவ்வளவாகக் கதைக்கவில்லை. வேட்டைதான் அவனைக் கெடுத்தது என்று நான் சொல்லமாட்டேன், சுட வைத்த விதமும் தேடாமல் விட்டதும்தான். ஆகவே உன் மகன் சுட்டாலும், நண்பர் சுட்டாலும், நீயும் மகனும் கடைசிவரை தேடப் போங்கள். உரிப்பது, குடல் எடுப்பது எல்லாவற்றிலும் அவன் நிற்கட்டும். சுடுகிற கணத்தைப் படம் பிடித்துப் போட்டுவிட்டு மிச்சத்தை இறைச்சிக் கடைக்காரரிடம் கொடுப்பதென்றால் போகாமலே இருக்கலாம்.

வதனி மறுப்பதைப் பற்றி நீ கொஞ்சம் கிண்டலாக எழுதியிருந்தாய், வெள்ளிக்கிழமை மரக்கறி, மான் பாவம் என்று. எனக்கு அப்படித் தெரியவில்லை. அது மானுக்கான கவலையே இல்லை, தன் பிள்ளையின் கையில் துவக்கு இருப்பதைப் பார்க்க முடியாது என்பதுதான். அப்பாவின் துவக்கு பயிர்க்காவலுக்கென்று உரிமம் எடுத்தது (அதால் மான் சுட அனுமதி இருக்கவில்லை என்பது வேறு கதை), அது பிறகு எப்படி இல்லாமல் போனது, யார் வந்து கொண்டுபோனார்கள் என்று எழுதத் தேவையில்லை, உனக்குத் தெரியும். அதற்குப் பிறகு நம் ஆட்களுக்குத் துவக்கு என்றால் மான் ஞாபகமா வருகிறது? வன்னியில் போரின் கடைசிவரை இருந்து வந்த வதனியிடம் கனடாச் சட்டத்தை எடுத்து வாசித்துக் காட்டாதே. இந்த வருடம் துவக்கு வாங்குவதில்லை, வீட்டுக்குள் ஒன்றும் வராது, நண்பருடையது அவர் வீட்டிலேயே பூட்டியபடி இருக்கும் என்று சொல், சொன்னபடி நட. அப்படியும் வேண்டாம் என்றால் ஒரு வருடம் தள்ளிப்போடு, பதின்மூன்று வயதிலும் மான் இருக்கும்.

மான் இருக்கும் என்று இவ்வளவு லேசாக எழுத முடிவது அங்கே என்பதால்தான். நூற்றிருபது வருடத்துக்கு முன் வட அமெரிக்காவில் வெண்வால் மானைக் கண்டபடி சுட்டுச் சில இலட்சம்தான் மிஞ்சியிருந்ததாம், பிறகு காலக்கட்டுப்பாடு, உரிமம், ஒரு மானுக்கு ஒரு சீட்டு என்று கொண்டுவந்து இப்போது அமெரிக்காவில் மட்டும் 3 கோடி அளவில் நிற்கிறது. ஓநாயை மனிதர் துரத்திவிட்ட இடங்களில் மான் பெருகி இளங்காட்டையே தின்று முடிக்கிறது. அங்கே அளவாகச் சுடுவதில் நியாயம் உண்டு. இங்கே கதை வேறு. 1937இலேயே வனவிலங்குச் சட்டம் வந்தது, மானும் மரையும் இன்றைக்குச் சுடக்கூடாத மிருகங்கள், ஆனால் சட்டத்துக்குப் பயந்தவன்தான் சுடாமல் இருக்கிறான், மற்றவன் கம்பிச் சுருக்கு வைக்கிறான். சுருக்குக்கு மானும் தெரியாது சிறுத்தையும் தெரியாது. 2020இல் நல்லதண்ணிப் பக்கம் தோட்டமொன்றில் அந்தக் கருஞ்சிறுத்தை அகப்பட்டுச் செத்தது ஞாபகமா? வீதியோரத்துச் சாப்பாட்டுக் கடைகளில் குரலைத் தாழ்த்தி “காட்டிறைச்சி இருக்கு ஐயா” என்று இன்னும் சொல்லத்தான் செய்கிறார்கள். நான் வாங்குவதில்லை. எப்படிச் செத்தது என்று தெரியாத இறைச்சி எனக்கு இறங்காது.

என் மகளுக்கு மான் என்றால் தெகிவளை மிருகக்காட்சிச்சாலைதான். போன விடுமுறைக்குத் திருகோணமலை போனபோது கோட்டைக்குள் கோணேசர் கோயிலுக்கு ஏறும் வழியில் புள்ளிமான்கள் நின்றன, ஒன்று பொலித்தீன் பையைச் சப்பிக்கொண்டு நின்றது, மகள் இழுத்தெடுக்கப் பார்த்தாள், அது விடவில்லை. நீங்கள் சின்ன வயதில் இதையா சுட்டீர்கள் என்று கேட்டாள். அப்பா சுட்டார், நான் தடம் பிடித்தேன் என்றேன். பஸ் ஏறும் மட்டும் கதைக்கவில்லை, பிறகு தடம் பிடிப்பது எப்படி என்று கேட்கத் தொடங்கி ஹபரணை மட்டும் விடவில்லை. ஆகவே உன் மகன் சுடாமல் வந்தாலும் அவனுக்குச் சொல்ல நிறைய இருக்கும், பயப்படாதே.

இறைச்சி கிடைத்தால் இரண்டு விஷயம். ஈயச் சன்னம் உள்ளே போய்த் தூளாகிக் காயத்திலிருந்து தள்ளியும் பரவும், கண்ணுக்குத் தெரியாது, பிள்ளைகளுக்குக் கூடாது. செப்புச் சன்னம் பாவிக்க முடியுமா என்று நண்பரிடம் கேள், இல்லாவிட்டால் காயத்தைச் சுற்றித் தாராளமாக வெட்டி எறி. மற்றது அந்த மூளை தேய்ந்து மான் மெலிந்து சாகும் நோய், கனடாவின் மேற்குப் பக்கம் பல வருடமாக இருக்கிறது, 2018இல் கியூபெக்கில் பண்ணையொன்றிலும் கண்டார்கள். மனிதருக்குத் தொற்றியதாக உறுதியான சான்று இல்லை, ஆனாலும் நோய் உள்ளதைச் சாப்பிட வேண்டாம் என்றுதான் சொல்கிறார்கள். நீங்கள் போகும் பகுதியில் பரிசோதனை உண்டா என்று விசாரி.

வத்தல் போடும் விதத்தை அம்மாவிடம் கேட்டேன், முழங்கால் நோவை மறந்து அரைமணி சொன்னா. நாரின் போக்கிலேயே நீளமாக வெட்டி, உப்பும் மஞ்சளும் பிரட்டி, அடுப்புக்கு மேலே கம்பியில் கட்டிப் புகை காட்ட வேண்டும். உங்கள் ஊர் நவம்பரில் வெயிலுக்கு எங்கே போவது, புகை வந்தால் வீட்டு அலாரம் வேறு கத்தும், ஆகவே கறியாகவே வை. கொழுப்பில்லாத இறைச்சி, கோழி மாதிரி நினைத்து அடுப்பில் விட்டால் செருப்புத் தோலாகிவிடும், மெல்லிய நெருப்பில் நேரமெடுத்து, கடைசியில் முதற்பால் விட்டு இறக்கச் சொன்னா. யாழ்ப்பாணத் தூள் தீர்ந்திருந்தால் சொல், மார்கழியில் இங்கிருந்து ஒருவர் ஸ்காபரோவுக்கு வருகிறார், இரண்டு பை கொடுத்துவிடுகிறேன்.

நீ தையில் வருவதாக இருந்தால் ரிக்கெட் போடுமுன் சொல்லு, மேல் அறைக்குப் பெயின்ற் அடிக்க வேண்டும்.

அன்புடன்,
குகன்