தம்பி போனில் கேட்ட கேள்விகள்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

வணக்கம். வயசுப் பிள்ளைகள் ராத்திரி முழுக்கப் போனும் கையுமாகக் கிடக்கிறார்கள் என்று உங்கள் வாசகர் பகுதியில் ஒரு பெரியவர் வருத்தப்பட்டு எழுதியிருந்தார். அவர் சொன்னதில் பாதி உண்மைதான். மீதிப் பாதிக்காக இதை எழுதுகிறேன்.

நாங்கள் வியாசர்பாடி. இங்கே பையன்களுக்கு நடக்க வரும்போதே பந்தும் கூட வந்துவிடும். என் தம்பியும் அப்படித்தான். 19 வயதில் அவனுக்கு முழங்காலுக்கு மேலே வலி வந்தபோது, ஆட்டத்தில் அடிபட்டிருக்கும் என்றுதான் எல்லோரும் சொன்னோம். அப்பா எலும்பு வைத்தியரிடம் கூட்டிப்போனார். எண்ணெய் தடவி, உருவிவிட்டு, கட்டுப் போட்டார்கள். மூன்று வாரம் போனது. ராத்திரியில்தான் வலி அதிகம், வீக்கமும் குறையவில்லை. எக்ஸ்ரே, எம்.ஆர்.ஐ., பயாப்சி என்று போய், கடைசியில் ரிப்போர்ட்டில் 'ஆஸ்டியோசர்கோமா' என்று வந்தது. வளரும் வயதில், அதுவும் பெரும்பாலும் முழங்காலை ஒட்டி வரும் எலும்புப் புற்றுநோய். விளையாட்டு வலி என்று நாள் கடத்துவது இதில் வழக்கமாம். முன்பே தெரிந்திருந்தால் உருவிவிட சம்மதித்திருக்க மாட்டோம்.

அந்தப் பெயரை அவன் போனில் தட்டிப் பார்த்தான். முதலில் கண்ணில் பட்டது, ஐந்து வருடம் பிழைத்திருப்போர் 100க்கு 20, 30 பேர் என்ற கணக்கு. இரண்டு நாள் சோறு இறங்கவில்லை. அது நோய் நுரையீரலுக்குப் பரவியவர்களின் கணக்கு. அவனுக்குப் பரவவில்லை. பரவாதவர்களில் 100க்கு 60, 70 பேர் தேறுகிறார்கள் என்பது அதே பக்கத்தில் நாலு வரி கீழே இருந்தது. ஆங்கிலத்தில் இருந்ததால் அதுவரை அவன் போகவே இல்லை. "நெட்டை எல்லாம் பார்க்காதே தம்பி" என்று மருத்துவமனையில் சொன்னார்கள். என்ன பார்த்தாய் என்று ஒருவரும் கேட்கவில்லை.

பார்க்காமல் எப்படி இருப்பான்? டாக்டர் பேசியதெல்லாம் அப்பாவிடம். கட்டிலில் கிடந்தவன் தலைக்கு மேலேயே பேச்சு போய்க்கொண்டிருந்தது. வார்டில் பக்கத்துக் கட்டில்காரர்கள் எல்லோரும் அறுபதைத் தாண்டியவர்கள். அமெரிக்காவில் 15 முதல் 39 வயது வரை உள்ள நோயாளிகளைத் தனிப் பிரிவாகவே எண்ணிப் பார்க்கிறார்கள் என்று பிறகு படித்தேன். இவனுக்கு அந்த வார்டில் பேச ஆள் இல்லை. வாட்ஸ்அப்பில் இருந்தார்கள். ஒரு குழுவில் இதே நோய்க்கு ஆபரேஷன் செய்துகொண்ட மதுரைப் பையன் ஒருவன், உள்ளே உலோக மூட்டு வைத்த காலோடு மாடிப்படி ஏறுவதை வீடியோ எடுத்து அனுப்பினான். அதைத் தம்பி எத்தனை தடவை போட்டுப் பார்த்தான் என்று எனக்குத்தான் தெரியும்.

கீமோவில் சிவப்பு மருந்து, டாக்ஸோரூபிசின், ஏறிய அன்று சிறுநீர் சிவப்பாகப் போனது. ரத்தம் என்று பதறினான். மருந்தின் நிறம், ஒன்றிரண்டு நாளில் சரியாகிவிடும் என்று சொன்னது அந்தக் குழு. கீமோ முடிந்த பத்தாம் நாள் ராத்திரி காய்ச்சல் 100.4 டிகிரியைத் தாண்டியபோது, "மாத்திரை போட்டுத் தூங்காதே, விடியும்வரை காத்திருக்காதே, இப்பவே கிளம்பு" என்று விரட்டியதும் அவர்கள்தான். கிருமியை எதிர்க்கும் வெள்ளை அணுக்கள் தரைதட்டிக் கிடந்த நேரம் அது.

குப்பையும் வந்தது, மறைக்கவில்லை. முள்சீத்தாப்பழம் கீமோவைவிட 10,000 மடங்கு பலம் என்று சொந்தக்காரர்களே நாளுக்கு ஒன்று அனுப்பினார்கள். முன்பணம் கட்டினால் மூலிகைப் பொடி கூரியரில் வரும் என்று ஒருவர் அப்பாவை விடாமல் துரத்தினார். நித்தியகல்யாணி இலையை அரைத்துக் குடிக்கச் சொன்னார் ஓர் அத்தை. அந்தச் செடியிலிருந்து வின்கிறிஸ்டின் என்ற புற்றுநோய் மருந்து எடுப்பது நிஜம். ஆனால் அது அளந்து, நரம்பில் ஏற்றுவது. அம்மியில் அரைப்பதல்ல. அத்தையோடு அதற்கப்புறம் ஆறு மாதம் பேச்சு இல்லை, அது வேறு கதை.

இனிச் சொல்ல வந்தது. முதல் கீமோ முடிந்த வாரம், ஒரு ராத்திரி தம்பி போனை என் கையில் கொடுத்துவிட்டுச் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டான். சிஸ்பிளாட்டின் மாதிரி கீமோ மருந்துகளால் விந்தணு பாதிக்கலாம், விரும்புகிறவர்கள் முதல் ஊசிக்கு முன்பே சேமித்து வைக்க வேண்டும் என்று யாரோ எழுதியிருந்தார்கள். எங்களுக்கு அந்த முதல் ஊசி போய்விட்டிருந்தது. மறுநாள் நான்தான் வெட்கத்தை விட்டு மருத்துவமனையில் கேட்டேன். "முதலில் உயிர் பிழைக்கட்டும்மா" என்றார்கள். சிகிச்சை முடிந்தபின் சிலருக்குத் தானாகவே திரும்பலாம், அப்போது சோதித்துப் பார்க்கலாம் என்பதையும் போனில்தான் தெரிந்துகொண்டோம்.

கீமோவுக்குச் சம்மதம் என்று கையெழுத்து வாங்கின படிவம் நாலு பக்கம் இருந்தது. அதில் இதற்கு ஒரு வரி போதும். 19 வயதுப் பையன் அப்பாவையும் அக்காவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இதைக் கேட்க மாட்டான். கீமோ தொடங்கும் முன் பத்து நிமிஷம் வீட்டு ஆட்களை வெளியே அனுப்பிவிட்டு, டாக்டரோ நர்சோ அவனோடு தனியாகப் பேசட்டும். போனில் என்ன படித்தாய் என்று கேட்கட்டும். பெண் பிள்ளைகளுக்கும் அப்படித்தான். மாதவிலக்கு திரும்ப வருமா என்று அந்தக் குழுவில் வேறு பெயரில் கேட்கிற பெண்கள் எத்தனை பேர் தெரியுமா?

இந்தக் கடிதத்தை அனுப்பும் முன் தம்பியிடம் காட்டினேன். விந்தணு பற்றிய பத்தியை அடிக்கச் சொல்வான் என்று நினைத்தேன். "அது இருக்கட்டும்க்கா. கட்டு போட்டதை எடுத்துடு. அப்பா பேப்பர் படிப்பாரு" என்றான். அதனால் அப்பாவிடமே படித்துக் காட்டினேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தவர், "போடு" என்றார்.

இப்படிக்கு,
ஓர் அக்கா,
வியாசர்பாடி, சென்னை - 39.