வெல்லப்பாகு வாசனை

அன்புள்ள சேகர்,

பொங்கலுக்கு நீ போட்ட கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். திட்டுவதையெல்லாம் நேரில் வைத்துக்கொள். இங்கே எல்லோரும் நலம். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். மாமா அந்த 200 ரூபாயை இன்னும் தரவில்லை, தரவும் மாட்டார்.

வால்பாறைக்கு வேனைக் கேட்டிருந்தாயே, தருகிறேன். ஆனால் அதற்கு முன் கொல்லிமலைக் கதையைக் கேட்டுவிடு.

கரூர் பட்டறையில் படுக்கை, அடுப்பு, தண்ணீர்த் தொட்டி எல்லாம் பொருத்தி வாங்கிய கையோடு கிளம்பினோம். பழைய டூரிஸ்ட் வேன், இப்போது 400 கிலோ கூடுதல் பாரம். காரவள்ளி தாண்டி ஏற ஆரம்பித்த கொஞ்ச நேரத்தில், "யாரோ பாகு காய்ச்சறாங்க" என்றாள் கமலா. பக்கத்தில் கரும்பாலை இருக்கும் என்று விளக்கம் வேறு சொன்னேன். என்ஜினைக் குளிர வைக்கும் கூலன்ட் திரவம் கசிந்து சூட்டில் பட்டால் இப்படித்தான் இனிப்பாக மணக்கும் என்பது இந்த மேதைக்குத் தெரியவில்லை.

டாஷ்போர்டில் என்ஜின் சூட்டைக் காட்டும் முள் நடுவிலேயே நின்றது. 70 கொண்டை ஊசி வளைவுகளில் நாற்பதாவதோ என்னவோ, முள் மெல்லக் கீழே இறங்கியது. "பார், மலைக்காற்றுக்கு என்ஜின் குளிர்கிறது" என்று பெருமைப்பட்டேன். ஐந்து நிமிடத்தில் கண்ணாடி மறைய ஆவி! நடந்தது என்னவென்றால், தண்ணீர் வற்றி, சூட்டை அளக்கும் சென்சார் அந்தரத்தில் நின்றிருக்கிறது. தண்ணீரில் முங்கியிருந்தால்தான் அதற்குச் சூடு சரியாகத் தெரியும். என்ஜின் வெந்துகொண்டிருந்தது, நான் குளிர்ச்சி என்று கொண்டாடிக்கொண்டிருந்தேன்.

அடுத்து செய்ததுதான் பெரிய முட்டாள்தனம். துணியைச் சுற்றிக்கொண்டு ரேடியேட்டர் மூடியைத் திருகப் போனேன். பின்னால் வாழைத்தார் ஏற்றி வந்த வண்டியின் டிரைவர் ஓடிவந்து என் கையைத் தட்டிவிட்டார். "அரை மணி நேரம் தொடாதீங்க சார்." அந்த மூடி உள்ளே, வெளிக்காற்றைவிட ஒரு பார் (அழுத்தத்தின் அலகு) கூடுதலாக அழுத்தத்தைப் பிடித்து வைத்திருப்பதால்தான் வெறும் தண்ணீர்கூட 120 டிகிரி வரை கொதிக்காமல் இருக்கிறது. திறந்திருந்தால் குக்கர் மூடியை விசிலோடு பிடுங்கிய கதைதான். பேரன் என் காலைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தான். அவன் முகம் சரியாக மூடியின் உயரத்தில் இருந்தது, சேகர். இன்றைக்கும் நடுராத்திரியில் விழிப்பு வந்தால் அதுதான் கண்முன் நிற்கிறது.

வண்டியை நாமக்கல்லுக்குக் கட்டி இழுத்து வந்தோம். காரணம் கீழ் ஹோஸில் ஒரு கிளிப். அழுத்தம் ஏறினால் மட்டும் சொட்டும், ஆறிவிட்டால் ஒன்றும் தெரியாது. ஓரத்தில் வெளிறிய பச்சையில் பொருக்கு மட்டும் கட்டியிருக்கும். என்ஜின் தலைக்கு அடியில் இருக்கும் ஹெட் கேஸ்கெட் என்ற அடைப்புத் தகடு தப்பியது கமலா வேண்டிக்கொண்ட புண்ணியம். பிரித்தால், சூட்டுக்கு ஏற்ப கூலன்ட்டின் வழியைத் திறந்து மூடும் தெர்மோஸ்டாட்டையே காணோம். முன்பு பார்த்த மெக்கானிக், "நம்ம வெயிலுக்கு இது எதுக்கு?" என்று கழற்றி எறிந்திருக்கிறார். இந்த என்ஜினில் சூடானதும், ரேடியேட்டருக்குப் போகாமல் திரும்பும் பைபாஸ் வழியை அடைப்பதே அதுதான். அது இல்லாமல், பாதிச் சுடுதண்ணீர் ரேடியேட்டர் பக்கமே போகாமல் உள்ளேயே சுற்றியிருக்கிறது. கூலன்ட்டோடு போர்த் தண்ணீரையும் ஊற்றி வைத்ததில், வடித்தபோது டீக்கடை டிகாக்ஷன் நிறத்தில் வந்தது.

இப்போது எல்லாம் புதுசு: 82 டிகிரி தெர்மோஸ்டாட், மூடி, ஹோஸ்கள், கூலன்ட்டும் டிஸ்டில்டு வாட்டரும் சரிபாதி. வண்டியின் மூக்கை மேட்டில் ஏற்றி, ஹீட்டரைத் திறந்துவிட்டு, குமிழி அடங்கும்வரை ஓடவிட்டு, உள்ளே சிக்கிய காற்றை வெளியேற்றினேன். வண்டியின் கணினி சொல்வதைப் படிக்கும் ஓபிடி கருவி ஒன்று மாட்டி போனில் டிகிரி பார்க்கிறேன். சேலம் சாலையில் 86, ஏற்காடு ஏறும்போது 97. டாஷ்போர்டு முள் இரண்டுக்கும் ஒரே இடத்தில் நிற்கிறது, நம் ஹெட்கிளார்க் மாதிரி. ஆனால் போனில் தெரிவதும் அதே சென்சார் சொல்வதுதானே? தண்ணீர் போனால் அதுவும் பொய் சொல்லும். அதனால் கூலன்ட் டேங்கில் மிதவை வைத்து, அளவு குறைந்தால் கத்துகிற பஸ்ஸர் ஒன்றும் போட்டிருக்கிறேன்.

ஆழியாறு தாண்டினால் 40 வளைவு. செகண்ட் கியரில் போ, உறுமினாலும் பரவாயில்லை, பம்பும் ஃபேனும் வேகமாகச் சுற்றும். 100 தொட்டால் ஏசியை நிறுத்தி ஹீட்டரை முழுசாகத் திற, என்ஜின் சூடு அது வழியாகவும் வெளியேறும். வேர்த்துக் கொட்டும், பொறுத்துக்கொள். 105 என்றால் ஓரங்கட்டு. பஸ்ஸர் கத்தினால் மட்டும் யோசிக்காமல் என்ஜினை அணை. காலையில் ஆறிய வண்டியில் அளவைப் பார்த்துவிட்டே சாவியைப் போடு. ஒரு கேன் கலவை சீட்டுக்கு அடியில் இருக்கிறது, அதோடு வேறு ரகம் கலக்கக் கூடாது, கடையில் சிவப்பு நிறத்தில் கொடுத்தால் வாங்கி ஊற்றிவிடாதே.

உனக்குத்தான் கொரோனாவுக்குப் பிறகு மோப்பமே இல்லை. வேண்டுமானால் கமலாவையும் சேர்த்து அனுப்பட்டுமா? கேட்டேன், ரெடி என்கிறாள்.

அன்புடன்,
ரவி