அக்காவுக்கு, லண்டன் ஈஸ்ட் ஹாமிலிருந்து

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீயும் அத்தானும் பிள்ளைகளும் நலமா? இங்கே டிசம்பர் பிறந்துவிட்டதால் மாலை நான்கு மணிக்கு முன்பே இருட்டிவிடுகிறது. இரவுப் பணி முடித்துப் பகலில் உறங்கி எழும் எனக்கு வெயில் கண்ணில் படுவதேயில்லை.

இரண்டு ஆண்டுகளாக உன்னிடம் ஒரு பொய்யைச் சொல்லி வந்திருக்கிறேன். கேரளத்துப் பெண்கள் இருவரோடு அறை எடுத்திருக்கிறேன் என்றேன் அல்லவா, உண்மையில் நான் விரும்பிய ஒருவரோடு வாழ்ந்துகொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமைகளில் பத்து நிமிடத்தில் பேச்சு அறுந்துவிடுகிறதே என்று நீ குறைபட்டுக்கொள்வாய். அவர் எதிரே அமர்ந்திருப்பார். போதும் என்று தோன்றியதும் மேசையை விரல் நுனியால் இருமுறை தட்டுவார். நான் "சிக்னல் போகிறது அக்கா" என்று சொல்லி வைத்துவிடுவேன்.

அவர் என்னை ஒருநாளும் அடித்ததில்லை. தொடக்கத்தில், மழை பெய்யும் இரவுகளில் பேருந்து நிறுத்தத்தில் குடையோடு காத்திருந்தவர் அவர். அந்த அக்கறையே பிறகு நான் எங்கே நிற்கிறேன் என்று கைப்பேசியில் ஓயாமல் பார்க்கும் வழக்கமாயிற்று. சம்பளம் அவர் கணக்குக்குப் போயிற்று. தோழிகள் ஒவ்வொருவராக விலகினார்கள். எதைக் கேட்டாலும், "நான் அப்படிச் சொல்லவே இல்லை, உனக்குத்தான் மறதி" என்பார். நானும் அதை நம்பினேன். பிரிந்தால் விசாவை ரத்துசெய்ய வைப்பேன் என்பார். அது மருத்துவமனை வேலையைச் சார்ந்ததே தவிர அவரைச் சார்ந்ததல்ல என்று தெரிந்தும் அஞ்சினேன்.

ஊசி மருந்தின் அளவை இருவர் சரிபார்ப்பது எங்கள் தொழில் முறை. நான் அதன் பிறகும் ஐந்தாறு முறை எடுத்துப் பார்ப்பதைக் கண்டுதான் வார்டின் மூத்த செவிலியர் என்னைத் தனியே அழைத்துப் பேசினார். நெருங்கிய ஒருவரைத் தொடர்ந்து இப்படி அடக்கி ஆள்வது, அடி உதை இல்லாவிட்டாலும், இங்கிலாந்தில் 2015 டிசம்பர் முதல் குற்றம் என்றும், 5 ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு என்றும் அவர் சொல்லித்தான் அறிந்தேன். குடும்ப வன்முறைக்கான இலவச உதவி எண்ணுக்கு அந்தச் செவிலியரின் அறையிலிருந்தே பேசினேன். இப்போது தனி அறையில் இருக்கிறேன். காவல்துறையில் வாக்குமூலமும் கொடுத்திருக்கிறேன்.

அக்கா, தனியே வந்த முதல் வாரம் ஹை ஸ்ட்ரீட் நார்த்தில் உள்ள தமிழ்க் கடைக்குப் போனேன். வாடை பிடிக்காது என்று அவர் தடுத்திருந்த கருவாடு, மாவடு, நல்லெண்ணெய் எல்லாம் அடுக்கில் இருந்தன. எதை எடுப்பதென்று கை போகவில்லை. கடைக்காரர் "என்னம்மா வேணும்?" என்று கேட்டபோது, எனக்கு எது பிடிக்கும் என்பதே நினைவுக்கு வராமல் வெறுங்கையோடு வெளியே வந்து நடைபாதையில் நின்று அழுதேன்.

அம்மாவிடம் இப்போதைக்குச் சொல்லாதே. சின்ன வயதில் நான் எதற்கெல்லாம் அடம் பிடிப்பேன், எதை உன் தட்டிலிருந்து பிடுங்கித் தின்பேன் என்று நினைவிருப்பதையெல்லாம் எழுதி அனுப்பு.

உன் தங்கை