கிரிப்டோ செய்தி வேலை: முதலாளி யார் என்று கேளுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

கிரிப்டோ செய்தித் தளங்களில் எழுதும் வேலைக்குப் போகிற இளைஞர்களிடம் பிளாக்செயின் படி, ஹால்விங் படி, ஸ்டேபிள்காயின் படி என்று எல்லாரும் சொல்கிறார்கள். சரி, படிக்கத்தான் வேண்டும், பிட்காயின் மொத்தமே 2.1 கோடிதான் என்பதுகூடத் தெரியாமல் நேர்காணலில் போய் உட்கார முடியாது. ஆனால் அங்கே நாம் திருப்பிக் கேட்க வேண்டியதை யாரும் சொல்லித் தருவதில்லை.

நான் போன ஒரு நேர்காணலில் ஒரு புது டோக்கனின், அதாவது ஒரு நிறுவனம் வெளியிடும் கிரிப்டோ நாணயத்தின், பத்திரிகைக் குறிப்பைக் கையில் கொடுத்து அரை மணி நேரத்தில் செய்தியாக்கித் தரச் சொன்னார்கள். பெரிய வங்கி ஒன்று தங்களோடு சேர்ந்திருப்பதாக அதில் இரண்டு இடத்தில் இருந்தது, வங்கி தரப்பில் ஒரு வார்த்தை இல்லை. வங்கியிடம் கேட்டுவிட்டு எழுதட்டுமா என்றேன். அதெல்லாம் இப்போது வேண்டாம், தலைப்பில் வங்கிப் பெயர் வருகிற மாதிரி பாருங்கள் என்றார்கள்! சரிபார்க்கத் தெரிந்தவரை அல்ல, வேகமாகத் தட்டச்சு செய்கிறவரைத்தான் இந்தத் தேர்வு பொறுக்கி எடுக்கும். பிளாக்ராக் என்ற பெரிய நிதி நிறுவனத்தின் பிட்காயின் ஈடிஎஃப்புக்கு (பங்கு போலச் சந்தையில் வாங்கி விற்கும் நிதி) அனுமதி கிடைத்துவிட்டது என்று காயின்டெலிகிராஃப் என்ற கிரிப்டோ செய்தித் தளம் 2023 அக்டோபர் 16 அன்று உறுதி செய்யாமல் எக்ஸில் போட்ட ஒரே ஒரு பதிவால், 28,000 டாலர் பக்கம் இருந்த பிட்காயின் சில நிமிடங்களில் 30,000ஐ நெருங்கிவிட்டு அதே வேகத்தில் இறங்கியது. போனது வாசகர்களின் பணம்.

அப்புறம் முதலாளி விஷயம். இதுதான் எனக்கு ரொம்ப முக்கியம். 2022 நவம்பர் 2 அன்று காயின்டெஸ்க் என்ற செய்தித் தளம், கிரிப்டோ வர்த்தகம் செய்த அலமேடா நிறுவனத்தின் சொத்துக் கணக்கில் கணிசமான பகுதி அதன் சகோதர நிறுவனமான எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ சந்தை தானே வெளியிட்ட டோக்கன்தான் என்று எழுதியது. ஒன்பதே நாளில் எஃப்டிஎக்ஸ் திவால் மனு போட்டது. அந்த அலையில் அடுத்த ஜனவரியில் திவாலான ஜெனிசிஸ் என்ற கிரிப்டோ கடன் நிறுவனம், அப்போது காயின்டெஸ்க்கை வைத்திருந்த அதே தாய் நிறுவனத்துக்குச் சொந்தமானது. சொந்த வீட்டுக்கே அடி விழுகிற செய்தி அங்கே வெளிவந்தது. இன்னொரு பக்கம் தி பிளாக் என்ற கிரிப்டோ செய்தித் தளத்தின் தலைமை அதிகாரி அலமேடாவிடம் ரகசியமாகக் கடன் வாங்கியது அம்பலமாகி, 2022 டிசம்பரில் பதவி விலகினார். அங்கே நேர்மையாக எழுதிக்கொண்டிருந்தவர்களுக்கு இது தெரியவே தெரியாது, ஆனாலும் சந்தேகம் அவர்கள் எழுத்தின் மேலும் விழுந்ததே, அதை நினைத்தால் மனசு கஷ்டமாக இருக்கிறது.

அதனால் தம்பி தங்கைகளே, தயங்காமல் கேளுங்கள். இந்தத் தளத்தில் யார் பணம் போட்டிருக்கிறார்கள், காசு வாங்கிப் போடும் கட்டுரைக்கு மேலே விளம்பரம் என்று எழுதுவீர்களா, என்னிடம் உள்ள காயின்களை நான் வெளிப்படுத்த வேண்டுமா, ஆசிரியரும் வெளிப்படுத்துவாரா என்று கேளுங்கள். சம்பளத்தை அவர்களுடைய டோக்கனிலேயே தருகிறோம் என்றால் எழுந்து வந்துவிடுங்கள், அந்த டோக்கன் விழுகிற செய்தியை உங்களால் நிம்மதியாக எழுதவே முடியாது.

ஆள் எடுப்பவர்களுக்கும் ஒன்று. பத்திரிகைக் குறிப்பைக் கொடுப்பதற்குப் பதிலாக ஒரு வாலட் (கிரிப்டோ கணக்கு) முகவரியைக் கொடுத்து, எத்தீரியம் பரிவர்த்தனைகளை யாரும் பார்க்கக்கூடிய ஈதர்ஸ்கேன் தளத்தில் அந்தப் பணம் எங்கே போயிருக்கிறது என்று பார்த்து எழுதச் சொல்லுங்கள். யாருக்கு வேலை தெரியும் என்பது பத்து நிமிடத்தில் தெரிந்துவிடும்.

ஆசிரியர் அவர்களே, இனி இப்படிப்பட்ட வேலை விளம்பரங்களை வெளியிடும்போது அந்தத் தளத்தின் உரிமையாளர் பெயரையும் கேட்டு வாங்கிப் போடும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
உங்கள் வாசகர்