சல்லடையோட வந்த அப்பத்தாவுக்கு

எங்க தெரு சனங்க எல்லாருக்கும் வணக்கம். வெள்ளம் வந்த அந்த ராத்திரிய பத்தி நான் ஒன்னும் சொல்ல வேண்டியதில்ல, நம்ம மதுரை பந்தல்குடி வாய்க்கால் தண்ணி எதுவரைக்கும் ஏறுச்சுன்னு நம்ம எல்லார் வீட்டு செவுத்துலயும் கோடு நிக்குது. நேத்துதான் வீட்ட முழுசா கழுவி முடிச்சோம், சூட்டோட சூடா இத எழுதிரணும், ஆறப்போட்டா விட்டுப்போயிரும்.

பீரோவ தூக்கி மேல வச்ச எதிர்வீட்டு அண்ணன், விடிய விடிய வாளில தண்ணி எறச்ச பசங்க, மூணு நாளும் சோறு போட்ட மண்டபத்துக்காரங்க, தெருவுல சேறள்ளுன தூய்மைப் பணியாளருங்க, எல்லாரையும் கையெடுத்து கும்புடுறேன். ஆனா மூணாவது வீட்டு அப்பத்தா செஞ்சத தனியா சொல்லியாகணும்.

நானும் எம்மகளும் ஏழு மாசமா ஒரு ஆர்சி பக்கி, அதான் ரிமோட்டுல ஓடுற சின்னக் கார், கோத்துக்கிட்டிருந்தோம். டமியாங்குற கம்பெனியோட கிட்டு, நெசக் காருல பத்துல ஒரு பங்கு சைஸு, மண்ணுல ஓடுறது. கடைல வாங்கி சாவி குடுக்குற பொம்மை இல்ல, கியர்பாக்ஸ்ல ஆரம்பிச்சு ஷாக் அப்சார்பருக்கு ஆயில் ஊத்துற வரைக்கும் நாமளே செய்யணும், ஊத்திட்டு பிஸ்டன மெதுவா ஏத்தி எறக்கி காத்துக்குமிழி பூரா மேல வர்ற வரைக்கும் பொறுமையா இருக்கணும், அந்த நேரம் எம்மகளுக்கு அவ்வளவு பிடிக்கும். கீழ் தட்டுல வச்சிருந்தோம். விடிஞ்சு பாத்தா அட்டைப்பெட்டி கூழாயி, ஸ்க்ரூ பூரா சேத்துக்குள்ள. எம்மக அழுகல, "விடுங்கப்பா"ன்னுட்டு போயிட்டா, அதான் எனக்கு தாங்கல.

வீட்டு சாமானே போயிருக்கு, இதுக்குப் போயி யாருகிட்ட ஒத்தாசை கேக்குறது. சேறோட சேறா வழிச்சு தெருவுல கொட்டப்போனேன். அப்பத்தா வாசல்ல நின்னு "என்ன தம்பி கொட்டுறே, உள்ள என்னமோ மினுங்குதே"ன்னாங்க. சொன்னேன். பேசாம உள்ள போயி சல்லடையும் பெரிய தாம்பாளமும் எடுத்துட்டு வந்தாங்க.

அவுங்க வீட்டுக்காரர் இருந்தப்ப ரெண்டு பேரும் தெற்காவணி மூல வீதில நகைப்பட்டறை மண்ண வாங்கிக் கழுவி பொடித்தங்கம் எடுப்பாங்களாம். இத்தன வருசம் பக்கத்துல இருந்தும் எனக்கு இது தெரியாது. "தூசியா கெடந்தத எடுத்த கை தம்பி, இது அரிசி தண்டி இருக்கே"ன்னாங்க. ரெண்டு நாளு. சேத்த தாம்பாளத்துல போட்டு தண்ணி விட்டு சாச்சு சாச்சு ஆட்டுறாங்க, சகதி ஓடிருது, கனமானது அடியில தங்குது. சஸ்பென்ஷன் கம்பி கழண்டு வராம முனைல மாட்டுற, E எழுத்து மாதிரி இருக்குற கிளிப்பு, 2 மில்லிமீட்டரு, சுத்தமான தரையில விழுந்தாலே கெடைக்காத சாமான், எட்டுல ஏழு எடுத்துட்டாங்க.

கொடில காயப்போட்ட மேனுவல்ல ஸ்க்ரூ படமெல்லாம் நெசமான அளவுலயே போட்டிருக்கும். அப்பத்தாவுக்கு எழுத்து தெரியாது, ஒவ்வொன்னா படத்து மேல வச்சு பாத்து இட்லி தட்டு குழில பிரிச்சு போட்டாங்க. அப்பதான் எம்மக வந்து பக்கத்துல உக்காந்தா. யாரும் கூப்பிடல, தானா வந்தா, "இது எட்டு மில்லி, அது பத்து அப்பத்தா"ன்னு சொல்லிக்கிட்டே. நான் உள்ள போயி கொஞ்ச நேரம் நின்னுட்டு வந்தேன்.

துருப்பிடிச்ச பேரிங்கு நாலும் பேரிங் கடை அண்ணன் காசு வாங்காம குடுத்தாரு, அவருக்கும் நன்றி. மோட்டார கழுவி காயவச்சு டார்ச்சு பேட்டரில தொட்டு பாத்தேன், சுத்துது. கார் பேட்டரி போச்சு, அடுத்த மாசம் வாங்கணும். வாங்குனதும் மொத ஓட்டம் வைகை மணல்லதான், ரிமோட்டு அப்பத்தா கையிலதான், எம்மக சொல்லிட்டா. இனி இந்த தெருவுல யாரு வீட்டுல தண்ணி ஏறுனாலும் மொத ஆளா நான் வர்றேன்.

இன்னொன்னு. தாம்பாளத்துல ஒரு கம்மல் திருகாணியும் வந்துச்சு, தங்கந்தான்னு அப்பத்தா சொல்றாங்க. எங்க வீட்டுது இல்ல, தண்ணியோட எங்க இருந்தோ வந்திருக்கு. தவறவிட்டவங்க கம்மல கொண்டுவந்து காட்டி வாங்கிக்கங்க, அப்பத்தா முந்தானைல முடிஞ்சு வச்சிருக்காங்க.