சுங்கத் தீர்வை இல்லை, ஆனாலும் லாரி நிற்கிறது

அன்புள்ள சுந்தரம்,

உன் கடிதம் கிடைத்தது. அக்காவுக்கு முழங்கால் வலி குறைந்தது என்று படித்ததில் நிம்மதி. பிரிட்டனும் ஐரோப்பிய ஒன்றியமும் சுங்கத் தீர்வையே இல்லாமல் ஒப்பந்தம் போட்டிருக்கும்போது லாரிகள் ஏன் நிற்கின்றன என்று கேட்டிருந்தாய். தீர்வை பூஜ்யம்தான். ஆனால் சரக்கு எங்கே விளைந்தது, நோய் கொண்டு வராதா என்பதற்குத் தாளில் அத்தாட்சி வேண்டும். பிரிட்டன் ஒன்றியத்துக்குள் இருந்தவரை யாரும் இதைக் கேட்கவில்லை, ஏனென்றால் சட்டம் இருபுறமும் ஒன்றாக இருந்தது.

ஒரு லாரி செடார் சீஸ் இங்கிலாந்திலிருந்து பிரெஞ்சுத் துறைமுகமான கலே வழியாகப் பிரான்ஸ் போவதாக வைத்துக்கொள். முதலில் அதிகாரம் பெற்ற கால்நடை மருத்துவர் ஒருவர் சுகாதாரச் சான்றிதழில் கையெழுத்துப் போட வேண்டும். சான்றிதழ் பிரெஞ்சிலும் இருக்க வேண்டும். கையெழுத்தும் முத்திரையும் அச்சிட்ட எழுத்தின் நிறத்தில் இருக்கக் கூடாது. பொருந்தாத வரிகளை அடித்துவிட்டு, அடித்த இடத்திலும் சுருக்கொப்பமும் முத்திரையும் வேண்டும். பிறகு லாரி சேர ஒரு நாள் முன்பே பிரெஞ்சுப் பக்கத்து இறக்குமதியாளர் ஒன்றியத்தின் கணினியில் தகவல் பதிய வேண்டும். சரக்கை அடுக்கி வைக்கும் பலகையான மர பேலட்கூட, மரத்தின் நடுப்பகுதி வரை 56 டிகிரி சூடு ஏறி 30 நிமிடம் நின்றது என்பதற்கான எச்.டி. முத்திரையோடு இருக்க வேண்டும், மரத்தைத் துளைக்கும் பூச்சிக்காக.

சறுக்குவது பெரும்பாலும் சின்ன விஷயத்தில்தான்: சான்றிதழில் ஒரு சீல் எண், லாரிக் கதவில் வேறு எண். ஒரே முதலாளியின் சரக்கு என்றால் அவரோடு போகும். பத்துச் சிறு வியாபாரிகளின் சரக்கைச் சேர்த்து ஏற்றிய லாரியில் ஒருவர் தாள் பிசகினால் மற்ற ஒன்பது பேரும் காத்துக் கிடக்க வேண்டும். அதனால் கலப்பு லோடு ஏற்றவே கம்பெனிகள் தயங்குகின்றன. பெரிய கடைக்காரர் தனி லாரி பிடிப்பார்; சிறியவர் அந்தச் சந்தையையே விட்டுவிடுகிறார். எனக்கு மனம் பொறுக்காதது இதுதான். ஸ்காட்லாந்து விதை உருளைக்கிழங்குக்கோ எந்தத் தாளும் உதவாது. ஒன்றியத்துக்குள் அதற்கு அனுமதியே இல்லை.

இனி எதிர்த்திசை. ஒன்றியம் 2021 ஜனவரி 1 அன்றே முழுச் சோதனையைத் தொடங்கிவிட்டது. ‘கட்டுப்பாட்டை மீட்போம்’ என்று வாக்குக் கேட்டு வெளியேறிய பிரிட்டனோ தன் பக்கத்து உணவுச் சோதனையைத் திரும்பத் திரும்பத் தள்ளிப்போட்டது. விலைவாசி ஏறுகிறது என்று காரணம் சொல்லி 2022 ஏப்ரலிலும் ஒருமுறை தள்ளினார்கள். இறைச்சி, சீஸ் வகைகளைத் திறந்து பார்ப்பது 2024 ஏப்ரல் 30 அன்றுதான் தொடங்கியது. அதுவும் டோவர் துறைமுகத்தில் அல்ல, 22 மைல் உள்ளே இருக்கும் செவிங்டனில். டோவரிலேயே பொதுப் பணத்தில் கட்டிய சோதனைக்கூடம் சும்மா கிடக்க, ஓட்டுநரைத் தனியாகவே செவிங்டனுக்குப் போகச் சொல்கிறார்கள். வழியில் நிறுத்தி இறக்கினால் தடுக்க ஆள் இல்லை. 2001இல் கோமாரி நோய் வந்து 60 லட்சத்துக்கு மேல் கால்நடைகளைக் கொன்ற நாடு இது. 2025 ஜனவரியில் ஜெர்மனியில் அதே நோய் தலைகாட்டியபோது விவசாயிகள் பதறியது நியாயம்.

கட்டணத்தையும் பார். டோவர் வழியாகவோ கடலடிச் சுரங்கம் வழியாகவோ வரும் இறைச்சி போன்ற நடுத்தர அபாயச் சரக்குக்கு வகைக்கு 29 பவுண்டு என்று வைத்தார்கள், ஒரு நுழைவு ஆவணத்துக்கு உச்சவரம்பு 145. சோதித்தாலும் சோதிக்காவிட்டாலும் கட்ட வேண்டும். ஒரு லாரி நிறைய ஒரே பன்றி இறைச்சி கொண்டுவருபவருக்கு 29. ஐந்து வகையில் நாலு பெட்டி கொண்டுவரும் சின்னக் கடைக்காரருக்கு 145.

அயர்லாந்தில் நிலைமை இன்னும் நுட்பம். வட அயர்லாந்து பிரிட்டன் அரசின் கீழ் இருக்கிறது; தெற்கே இருக்கும் தனிநாடு ஒன்றியத்தின் உறுப்பு. நடுவே சுமார் 500 கிலோமீட்டர் எல்லை, இருநூறுக்கு மேல் சாலைகள் அதைக் கடக்கின்றன. வட அயர்லாந்து வன்முறையை முடித்த 1998 சமாதான உடன்பாட்டுக்குப் பிறகு அங்கே சாவடி போடத் துணிபவர் இல்லை. அதனால் சோதனைக் கோடு கடலுக்கு நகர்ந்தது. பிரிட்டனிலிருந்து வட அயர்லாந்துக்குப் போகும் சரக்கு அங்கேயே விற்பனைக்கு என்றால் பச்சைத் தடம், தெற்கே போகக்கூடும் என்றால் சிவப்புத் தடம். பிரிட்டனும் ஒன்றியமும் 2023இல் செய்துகொண்ட விண்ட்சர் ஏற்பாடு இது. பச்சைத் தடத்தில் போகும் பால், இறைச்சிப் பாக்கெட்டில் ‘ஒன்றியத்துக்கு அல்ல’ என்று அச்சிட வேண்டும். சொந்த நாட்டுக்குள்ளேயே எல்லையா என்று கொதித்த, பிரிட்டனோடு சேர்ந்தே இருக்க விரும்பும் ஜனநாயக யூனியனிஸ்ட் கட்சி 2022 முதல் இரண்டு ஆண்டு வட அயர்லாந்து ஆட்சியையே முடக்கியது. அவர்கள் கோபம் எனக்குப் புரிகிறது. ஆனால் கோட்டை வேறெங்கே போடலாம் என்று அவர்களும் சொல்லவில்லை.

வழி ஒன்று உண்டு. சுவிட்சர்லாந்து உணவுச் சட்டத்தை ஒன்றியத்தோடு ஒத்துப்போக வைத்தது. 2009 முதல் அந்த எல்லையில் கால்நடைப் பொருள் சோதனை இல்லை. பிரிட்டனும் 2025 மே 19 லண்டன் உச்சி மாநாட்டில் அந்தத் திசைக்குச் சம்மதித்தது. விலை என்னவென்றால், ஒன்றியம் உணவுச் சட்டத்தை மாற்றும்போதெல்லாம் தானும் மாற்ற வேண்டும், ஓட்டுப் போட இடமில்லை, சட்டத்துக்குப் பொருள் சொல்வதில் ஐரோப்பிய நீதிமன்றத்தின் சொல்லே முடிவு. வெளியேறச் சொன்னவர்கள் இதைத் துரோகம் என்கிறார்கள். சீஸ்காரர் பக்கம் நின்று பார்த்தால், நான் கொடுக்கச் சொல்லும் விலை இதுதான்.

துருக்கி பற்றிய உன் இரண்டாவது கேள்விக்கு அடுத்த கடிதத்தில் எழுதுகிறேன். அக்காவிடம் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
ராகவன்